சாள்ஸ் ஐயாவுக்கு எழுதிய மொய்

மொரகந்தைத் தோட்டத்துக் கீழ் டிவிசனுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் வழக்கமாக ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். சாள்ஸ் ஐயா அவற்றோடு சட்டம் போட்ட ஒரு படத்தையும் கொண்டுவந்தார். படத்தில் அவரே இருந்தார். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை, கையில் இன்னொரு சட்டம் போட்ட படம். உற்றுப் பார்த்தால் அதற்குள்ளும் அவர்தான் என்பது தெரிந்தது.

டிலானியின் அப்பா செபஸ்ரியன் படத்தை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் திருக்குடும்பப் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். வைத்த பிறகு, அதற்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காருவது சரியில்லை என்று தோன்றி மடக்கிக்கொண்டார். ரப்பர் சீட் காயவைக்கிற புகைக்கூட்டில் வேலை செய்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் புகை வாசம் போகாது. அம்மா தெரேசம்மா காலையிலேயே பலாக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பும், தேங்காய் ரொட்டியும், இடித்த சம்பலும் செய்து மூடி வைத்திருந்தாள். வந்தவர்கள் சாப்பிட்டால் சம்பந்தம் பாதி முடிந்த மாதிரி. சாள்ஸ் ஐயா தேத்தண்ணி மட்டும் போதும் என்றார்.

அவருடைய மகன் ஜெறோம் பின்னால் ஒரு ஸ்டூலில் குனிந்த தலையோடு இருந்தான். கித்துல்கல ஆற்றில் சுற்றுலாக்காரர்களைக் காற்றடைத்த படகில் ஏற்றி, பாறைகளுக்கு நடுவே கத்தக் கத்த இறக்கிக் கொண்டுபோய், கீழே உயிரோடு கரையேற்றி விடுவது அவன் தொழில். அப்பா முன்னால் மட்டும் துடுப்பைத் தொலைத்தவன் மாதிரி ஆகிவிடுவான். டிலானி அடுப்படி வாசலில் நின்று அவன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் விரும்புவது வரிசை வீடுகள் கொண்ட லயத்துக்கே தெரியும். தெரியாத மாதிரி நடித்தவர் சாள்ஸ் ஐயா ஒருவர்தான்.

சாள்ஸ் ஐயா ஒரு காலத்தில் இதே கீழ் டிவிசனில் ரப்பர் பால் வெட்டியவர். பிறகு சங்கத்துக்குப் போய், அங்கிருந்து பஜாரில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய், கடைக்கு மேலே மாடி கட்டி ஏறிவிட்டார். சமாதான நீதவான் பட்டம் கிடைத்தது. அது தனியாக இருந்து சலித்ததோ என்னவோ, துணைக்குச் சமூகச் சுடர், மலையக மாணிக்கம், தேச தீபம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கொழும்பில் ஏதாவது ஒரு மண்டபத்தில், விருது வாங்குகிறவர்களும் அவர்களுடைய மனைவிமாரும் மட்டும் உட்கார்ந்திருக்கிற விழாக்களில் அவை கிடைக்கும். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை நீண்டுகொண்டே போய், கடைசியில் பலகைக்காகக் கேட்டை அகலப்படுத்தினார்கள்.

சீதனம் என்ற பேச்சை எடுக்க வேண்டாம் என்று அவர் கையை உயர்த்தினார். யாரும் எடுத்திருக்கவில்லை. பட்டம் வந்த நாளிலிருந்து அவர் மேடைத் தமிழில்தான் பேசுவார்.

"சீதனம் என்னும் சொல்லையே அகற்றியவன் நான். எனக்கு வேண்டியது மருமகளின் கையால் ஓர் அன்பளிப்பு. விக்கிப்பீடியாவில் என்னைப் பற்றி ஒரு கட்டுரை. அந்தோனியார் திருநாளுக்கு முன்னர் ஏறிவிட்டால், கொடியேற்றத்தன்றே நிச்சயதார்த்தத்தை அறிவித்துவிடலாம்."

"ஏறலன்னா?" என்று கேட்டது தெரேசம்மா.

அவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தார். தோய்த்த பாதி கோப்பைக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டே, "பொறுத்துப் பார்ப்போம்" என்றார். அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேச வந்த இடத்தில் பொறுத்துப் பார்ப்போம் என்று சொன்னால், பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று அர்த்தம்.

டிலானி கொழும்புக் கம்பெனி ஒன்றில் மென்பொருள் பொறியியலாளர். கொரோனாக் காலத்தில் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தவள். கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை. வங்கிகளுக்கும் காப்புறுதிக்காரர்களுக்கும் நிரல் எழுதுவது சம்பளத்துக்கு. அது முடிந்த பிறகு, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் செய்கிற வேலைக்குச் சம்பளமே கிடையாது. விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவாள். மற்றவர்கள் எழுதியதில் செத்துப்போன இணைப்புகளைத் தேடிப் பிடித்துத் திருத்துவதற்கென்றே ஒரு நிரல் எழுதி ஓடவிட்டிருந்தாள். அது அவள் தூங்கும்போதும் வேலை செய்தது. ரப்பர் பால் வெட்டுவதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையில் தெரேசம்மாவின் இரண்டு கைகளும் கத்தியோடு படமாக இருந்தன. முகம் இல்லை. முகத்தையும் போட்டிருக்கலாம் என்று தெரேசம்மாவுக்கு இன்றுவரை ஒரு குறை.

"எத்தனையோ எழுதுற," என்றார் செபஸ்ரியன், வந்தவர்கள் போன பிறகு குழம்புச் சட்டியைத் திறந்துகொண்டே. "ஒட்டுப்பாலுக்கு எழுதுன. குக்குறுவான் குருவிக்கு எழுதுன. மாமனாருக்கு எழுத முடியாதா?"

"குக்குறுவான் எனக்குச் சொந்தக்காரன் இல்லப்பா. அதனாலதான் எழுதலாம்."

"சொந்தக்காரங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யிறது?"

அவளால் அதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. சொந்தக்காரர்களைப் பற்றி எழுதக்கூடாது, வெளியாட்கள் புத்தகத்திலோ பத்திரிகையிலோ எழுதி வைத்திருப்பதை மட்டும்தான் எடுத்து எழுதலாம், அதற்குப் பெயர் சான்று என்று விளக்கினாள். சாள்ஸ் ஐயாவைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருக்கிறதே என்று செபஸ்ரியன் சொன்னார். வந்தது உண்மைதான். ஆனால் அவர் பிறந்த நாளுக்கு அவரே கொடுத்த வாழ்த்து விளம்பரம் அது.

மறுநாள் மழை இல்லை. மழை இல்லாத காலையைத் தோட்டத்தில் யாரும் வீணாக்குவதில்லை. பால் வெட்டு இருளோடு தொடங்கிவிடும். டிலானி கம்பெனி வேலை தொடங்கும்வரை அம்மாவோடு மலைக்குப் போனாள். தெரேசம்மா மரத்துக்கு மரம் நின்று, நேற்றைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டாள். பிறகு கத்தியைச் சரித்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பட்டை சுருள் சுருளாக விழுந்தது. வெள்ளைக் கோடு தடுமாறாமல் இறங்கிச் சிரட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. டிலானி சிரட்டைகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். காலில் அட்டை ஏறியபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தாமலே தட்டிவிட்டார்கள்.

"ஒரு பொய்தானே," என்றாள் தெரேசம்மா. "எழுதிட்டு ஞாயித்துக்கெழம பாவசங்கீர்த்தனத்துல சொல்லிரு. நம்ம ஃபாதர் மன்னிச்சிருவாரு."

"ஃபாதர் மன்னிப்பாரு. அங்க இருக்கிறவங்க சான்று கேப்பாங்கம்மா."

"ஃபாதரே கேக்காதத அவங்க என்னா கேக்கிறது?"

டிலானி சிரித்துவிட்டாள். பிறகு, கத்தியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் இன்றைக்குப் பால் கூட வருமே, ஏன் இறக்குவதில்லை என்று கேட்டாள். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரேசம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சு எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது பிடிக்கவில்லை.

"மரம் வேற, மாமனார் வேற," என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

ஜெறோமை டிலானி பஜார்ப் பாலத்தடியில் சந்தித்தாள். அவன் ஈரத்தோடு, தலையில் இன்னும் ஹெல்மெட்டோடு நின்றான். எழுதாதே என்றான். அவள் எதிர்பார்க்கவில்லை.

"எழுதினா அவர் அதயே நம்பிருவாரு. இப்பவே பாதி நம்புறாரு. அவங்க பரம்பரையில யாரோ கண்டி ராசாவுக்குக் கணக்குப் பாத்தாங்களாம். போன மாசம்தான் ஞாபகம் வந்திருக்கு."

"அப்ப கல்யாணம்?"

"வா, போயிரலாம்."

"எதுல? ஒங்க காத்துப் படகுலயா?"

அவளுக்கு ஓடிப்போகிற கல்யாணம் வேண்டாம். கோயிலில், லயத்து ஆட்கள் எல்லாரும் இடம் போதாமல் ஜன்னல் வழியாகப் பார்க்க, தன் அம்மா புதுச் சேலையில் முன்வரிசையில் இருக்க நடக்க வேண்டும். சாள்ஸ் ஐயாவும் அந்த வரிசையில் இருக்க வேண்டும். எழுதாமலும் அவரை அங்கே கொண்டுவர வேண்டும். அது நிரலில் வராத கணக்கு.

ஆகவே நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ஹாட்வெயார் கடைக்குப் போனாள். பெயின்ட் வாளிகளுக்கு நடுவே சாள்ஸ் ஐயா தேச தீபமாக உட்கார்ந்திருந்தார். அவள் மரியாதையாக, நின்றுகொண்டே சொன்னாள். நான் எழுதினால் சரிவராது மாமா, மன்னிக்கணும் என்றாள். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து மனம் கேட்காமல் ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டாள். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாகியது.

"நான்தான் எழுதக்கூடாது. மத்தபடி அது யாரும் எழுதலாம்."

"யாரும்?"

"யாரும்."

சாள்ஸ் ஐயா மறுபடியும் பொறுத்துப் பார்ப்போம் என்றார். அவள் படி இறங்கிய உடனே கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு எதிரே பயாஸின் கொமினிகேஷனுக்குப் போனார். போன் ரீலோட், போட்டோ பிரதி, பாஸ்போர்ட் படம், விசா விண்ணப்பம் எல்லாம் செய்கிற கடை அது. வரலாறு மட்டும் அதுவரை செய்ததில்லை. ஐயா நடந்துகொண்டே சொல்ல, பயாஸ் உட்கார்ந்துகொண்டே அடித்தான்.

கட்டுரை ஏறியது. நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்து, இளமையிலேயே ஐந்து மொழிகளில் புலமை பெற்று, பெருந்தோட்ட மக்களின் இருளை நீக்கிய ஒளிவிளக்கு என்று அது தொடங்கியது. ஐந்து மொழிகளில் தமிழும் சிங்களமும் உண்மை. ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவார். மற்ற இரண்டும் என்னவென்று பயாஸ் கேட்டிருக்கிறான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். படத்தில் ஐயாவுக்குப் பின்னால் பனிமூடிய மலைகள் நின்றன. படம் எடுக்கக் கடையில் வைத்திருந்த பின்திரைகளில் அதுதான் கசங்காமல் இருந்தது.

டிலானி கோயில் படிக்கட்டில் அதை வாசித்தாள். கை பரபரத்தது. நீக்க வேண்டுமென்று அவளே குறிப்புப் போடலாம். போட்டால் கல்யாணம் போகும். போடாமல் கண்ணை மூடிக்கொண்டால் இத்தனை நாள் செய்த வேலைக்கு அர்த்தமில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் போடுகிற உரிமையும் அவளுக்கு இல்லை. சொந்தம், பகை இரண்டும் அங்கே ஒன்றுதான். கடைசியில் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: "இக்கட்டுரையில் குறிப்பிடப்படுபவர் எனக்கு மாமனார் ஆகக்கூடும். ஆகவே நான் இதில் கை வைப்பதற்கில்லை. மற்றவர்கள் பார்க்கவும்."

சற்று நேரத்தில் பதில் வந்தது. எழுதியவர் வாவிமீன் என்ற பெயரில் மட்டக்களப்பிலிருந்து உழைக்கிற ஒரு பயனர். முகம் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஒரு காற்புள்ளியைக்கூடச் சும்மா விடாதவர் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

"வாழ்த்துகள். சான்று எங்கே?"

கூடவே கட்டுரையின் தலையில் ஒரு பெட்டியும் வந்து உட்கார்ந்தது. இது நீக்கப்படலாம், கருத்துள்ளவர்கள் பேச்சுப் பக்கத்தில் தெரிவிக்கலாம் என்று அதில் இருந்தது. சாள்ஸ் ஐயா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, தன் கட்டுரைக்கு மட்டும் விசேஷமாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று மகிழ்ந்தார்.

அந்த வாரம் பார்த்துக் கம்பெனி டிலானியை ஒரு கூட்டத்துக்காகக் கொழும்புக்குக் கூப்பிட்டது. அவள் இருந்திருந்தால் நடந்தது நடந்திருக்காது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாள்ஸ் ஐயா ஒலிவாங்கியை வாங்கினார். அவர் வாங்கினால் ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தன் வாழ்க்கை வரலாறு உலகக் கலைக்களஞ்சியத்தில் ஏறிவிட்டது என்றும், எல்லாரும் போய் வாசிக்கலாம் என்றும் ஐயா அறிவித்தார். அதோடு விட்டிருக்கலாம். மகிழ்ச்சி மிகுதியில், "யாரும் அதில் எழுதவும் செய்யலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

தெரேசம்மாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பெரிய வீட்டில் விசேஷம். ஊர் கேட்கச் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் வந்து எழுதலாம் என்று வாயால் அழைப்பும் வைத்தாகிவிட்டது. இதற்கு என்ன பெயர் என்று தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சொல்லித் தர வேண்டுமா? மொய். சம்பந்தி வீட்டு மொய்க்குப் பெண் வீட்டுப் பக்கம் ஆளில்லை என்றால், பொறுத்துப் பார்ப்பதற்கும் இனி ஒன்றுமில்லை. அவள் கோயிலிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. லயம் லயமாகப் போனாள். நம்ம டிலானிக்காக ஆளுக்கு ஒரு வரி எழுதிருங்க, வெறுங்கையோட இருந்துராதீங்க என்று வாசலில் நின்றே சொன்னாள்.

மொய் எழுதாமல் இருந்தான் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? அன்று பின்னேரம் மழை வேறு. மழையென்றால் மறுநாளும் பால் வெட்டு இருக்காது. போன் வைத்திருந்தவர்கள் போனில் எழுதினார்கள். இல்லாதவர்கள் குடையோடு பயாஸின் கடைக்குப் போய் வரிசையில் நின்றார்கள். மொய்யென்றால் ஊரும் பேரும் போட வேண்டும். போட்டார்கள். நல்லதைச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். சாள்ஸைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த நல்லது என்ன இருந்ததோ அதைச் சொன்னார்கள்.

டிலானி அவிசாவளை தாண்டி பஸ்ஸில் வரும்போது போனைத் திறந்தாள். ஒளிவிளக்குக்குக் கீழே ஊரே வந்து உட்கார்ந்திருந்தது.

"இவர் பாஸ்கா நாடகத்தில் ஏரோது ராசாவின் மனைவி எரோதியாளாக நடித்தவர். அவ்வளவு வடிவான எரோதியாள் அதற்குப் பிறகு இந்தக் கோயிலுக்குக் கிடைக்கவில்லை. இப்படிக்கு, பீடச்சேலை தைக்கும் அந்தோனியம்மா."

"துரை பங்களாவில் பலாப்பழம் திருடி லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். பலமுறை பிடிபட்டாலும் மனம் தளராதவர். பழம் தின்ற பிள்ளைகள், இரண்டாம் லயம்."

"பால் வெட்டத் தெரியாது. எல்லா மரத்தையும் காயப்படுத்தினார். ஆனால் மரத்திடம் மன்னிப்புக் கேட்பார், நான் கண்ணால் பார்த்தேன். செபஸ்ரியன், புகைக்கூடு." அதற்கு அடுத்த வரி: "மேற்படியாரின் மனைவி தெரேசம்மா. நல்ல குடும்பம்."

அதற்குக் கீழே மருதாயியின் மொய். மருதாயி எழுதத் தெரியாதவள். சொல்லச் சொல்லப் பயாஸ் அப்படியே அடித்திருந்தான். "வெள்ளம் வந்த வருசம் பாலம் போயிருச்சு. எனக்கு வலி வந்திருச்சு. சாள்ஸ்தான் என்னய முதுகுல தூக்கிக்கிட்டு ஆத்துல எறங்குனாரு. கழுத்தளவு தண்ணி. அக்கரைக்குப் போன பொறகு கால்ல அட்ட கடிச்சிருக்குன்னு பாத்துட்டு என்னய விட அவருதான் கூடக் கத்துனாரு. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸு யாருக்குப் பிரசவம்னு கேட்டாங்க."

டிலானி சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்துச் சீட்டுச் சிங்களப் பெண் என்னவென்று கேட்டாள். டிலானி மொழிபெயர்த்துச் சொல்ல, "அனே, பாவம்" என்று அவளும் சிரிக்கத் தொடங்கினாள். சொந்தத்தில் கை வைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தவள் டிலானி. ஆகவே வாசிப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. எல்லாம் உண்மை. ஒன்றுக்கும் சான்று இல்லை. இதை வாவிமீன் எப்படித் தாங்குவார் என்று மட்டும்தான் கவலை வந்தது. பிறகு இன்னொரு கவலையும் வந்தது. சாள்ஸ் ஐயா.

அவர் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, நனைந்த சட்டையோடு வீட்டுக்குள் நின்றார். பின்னால் குடையை மடக்கிக்கொண்டே அவர் மனைவி பிலோமினாவும் ஜெறோமும் வந்தார்கள். மேடைத் தமிழ் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டிருந்தது.

"இந்தா புள்ள, இத இப்பவே அழி."

"எத மாமா?"

"எதவா? எரோதியாள அழி. பலாப்பழத்த அழி. எல்லாத்தயும் அழி. நீ அழிச்சிட்டா நாளைக்கே நிச்சயதார்த்தம். நான் சொல்றேன்."

தெரேசம்மா மகளைப் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு பட்டனைத் தட்டுகிற வேலை. எழுதச் சொல்லிக் கேட்ட சீதனம் இப்போது அழிக்கச் சொல்வதாக மாறி வந்திருந்தது, அதுவும் கல்யாணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.

டிலானி பையைக் கீழே வைத்தாள்.

"முடியாது மாமா. எழுதறதுக்கு எந்தக் காரணமோ, அழிக்கிறதுக்கும் அதே காரணந்தான். நான் ஒங்களுக்குச் சொந்தக்காரி ஆகப்போறவ."

"ஆகப்போறன்னு யார் சொன்னா?"

"நான் சொல்றேன்," என்றாள் பிலோமினா.

அவள் அதுவரை அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையில் நனைந்த முகமா, சிரித்து நனைந்த முகமா என்று சொல்ல முடியவில்லை.

"இவரு பட்டம் வாங்குன அத்தன மண்டபத்துக்கும் போயி முன்னால ஒக்காந்து கை தட்டியிருக்கேன். எதுக்குத் தட்டுறேன்னு ஒரு நாளும் வெளங்குனதில்ல. மருதாயிய முதுகுல சொமந்தத எங்கிட்டயே சொல்லலயே இந்த மனுசன்."

"அதெல்லாம் சொல்ற விசயமா," என்று சாள்ஸ் ஐயா முணுமுணுத்தார்.

"அட்டைக்குக் கத்துனதாலயா?"

முதலில் சிரித்தவன் ஜெறோம். அப்பா முன்னால் அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்து செபஸ்ரியன், வாயைப் பொத்திக்கொண்டு. சாள்ஸ் ஐயா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கேலிதான். ஆனால் கேலி செய்கிறவர்கள் யாரும் அவரைவிட்டுத் தள்ளி நிற்கவில்லை என்பதும் தெரிந்தது. அவர் மெதுவாக மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுதவும் மாட்டாளாம், அழிக்கவும் மாட்டாளாம்," என்றாள் பிலோமினா. "இந்தக் கடைக்கு இப்படி ஒருத்திதான் வேணும். சரி புள்ள, இப்ப இந்த ஆள் என்னா செய்யணும்?"

கட்டுரை வேண்டாமென்று அவரே பேச்சுப் பக்கத்தில் போய்ச் சொல்லலாம், காரணம் மட்டும் சொல்ல வேண்டும் என்றாள் டிலானி.

"என்னா காரணம்?"

அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "கலைக்களஞ்சியத்துல போடுற அளவுக்கு... நீங்க பெரிய ஆள் இல்லன்னு."

சாள்ஸ் ஐயா நனைந்த சட்டைக் கையைப் பிழிந்துவிட்டு, "சரி, எங்க போயி எழுதணும்?" என்றார்.

பிறகு எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு கோயில் படிக்கட்டுக்குப் போனார்கள். மடிக்கணினிக்கு ஒரு குடை, ஐயாவுக்கு ஒரு குடை. அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அழுத்தினார். முதலில் பட்டங்களை அடித்தார். அவையெல்லாம் தேவையில்லை மாமா என்று டிலானி சொன்னதும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். தேச தீபம் போயிற்று. மாணிக்கம் போயிற்று. சுடரில் கொஞ்சம் தயங்கினார். சமாதான நீதவானில் விரலை நிறுத்தி மனைவியைப் பார்த்தார். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் அழித்தார்.

"நான்தான் சாள்ஸ். இங்கே எழுதும் அளவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. நிலம் இருந்த குடும்பமும் இல்லை. ரப்பர் பால் வெட்டினேன், அதுவும் சரியாக வெட்டவில்லை. தயவுசெய்து எடுத்துவிடவும். மருதாயி அக்கா சொன்னது உண்மை."

குடைக்குள்ளே எல்லாரும் காத்திருந்தார்கள். வாவிமீன் அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஐயா, தன்னைப் பற்றித் தானே வந்து இவ்வளவு நேர்மையாக எழுதிய ஒருவரை நான் இங்கே பார்த்ததில்லை. நீக்கலாம்."

சாள்ஸ் ஐயா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். இது பாராட்டுத்தானே என்று டிலானியிடம் கேட்டார். பாராட்டுத்தான் மாமா என்றாள். அவர் நெஞ்சு பழைய அளவுக்குக் கொஞ்சம் நிமிர்ந்தது. இதைப் பயாஸிடம் பிரதி எடுத்து மாட்டலாமா என்று கேட்க வாயெடுத்தார். பிலோமினா திரும்பிப் பார்த்தாள். அவர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

கட்டுரை போய்விட்டது. ஆனால் பிரச்சினை அதோடு தீரவில்லை. எழுதிய மொய்யைக் காணவில்லை என்று லயம் கொதித்தது. வரிசையில் நனைந்து நின்று எழுதியது, பேரும் ஊரும் போட்டு எழுதியது, சம்பந்தி வீட்டில் யாரோ அழித்துவிட்டார்கள் என்று பேச்சு. ஒன்று மொய்யைத் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் மொய் எழுதியவனுக்குப் போடவேண்டிய சோற்றைப் போட வேண்டும் என்று மருதாயி வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். டிலானி கலைக்களஞ்சியத்தின் விதிகளை விளக்கப் போனாள். தெரேசம்மா அவள் வாயைப் பொத்தி உள்ளே அனுப்பினாள். இது வேறு விதி.

அந்தோனியார் கொடியேற்றத்தன்று பூசை முடிந்ததும் ஃபாதரே நிச்சயதார்த்தத்தை அறிவித்தார். ஒலிவாங்கி சாள்ஸ் ஐயாவின் பக்கம் நீட்டப்பட்டது. அவர் நன்றி என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோயிலில் ஒரு சலசலப்பு எழுந்தது. அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று சிலர் நினைத்தார்கள்.

கோயில் முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, வாழையிலை போட்டு, லயத்துக்கெல்லாம் சோறு. பலாப்பிஞ்சில் பொலோஸ் கறி, பருப்பு, கோழிக்குழம்பு, அப்பளம். மழை அன்றைக்கு மரியாதையாக ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றது. டிலானி ஜெறோமோடு உட்கார வைக்கப்பட்டிருந்தாள். எழுந்திருக்கக்கூடாது என்று உத்தரவு. அவள் அங்கிருந்து பார்த்தாள். பரிமாறுகிறவர்களுக்குக் கை போதவில்லை. பிலோமினா ஏதோ சொல்ல, சாள்ஸ் ஐயா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்கினார். முதல் வரிசையில் பாதிக் குழம்பு இலையிலும் பாதி மடியிலும் விழுந்தது. பால் வெட்டினது மாதிரிதான் பரிமாறவும் செய்றாரு என்று செபஸ்ரியன் சொன்னது நாலு இலை தள்ளிக் கேட்டது.

ஆட்கள் சிரிக்கத் தயங்கினார்கள். நீதவான் கையால் குழம்பு வாங்கி யாருக்கும் பழக்கமில்லை. ஐயா போதுங்க, ஐயா நீங்க இருங்க என்று இலையைக் கையால் மறைத்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து மருதாயி தலையை நீட்டினாள். வாயில் பாதிச் சோறு இருந்தது.

"சாள்ஸு, இந்தப் பக்கம் இன்னும் கொழம்பு வரல."

அந்தப் பெயரை அப்படி வெறுமனே யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"வந்துட்டேன் அக்கா," என்று வாளியோடு ஓடினார் சாள்ஸ்.